தீர்ப்பில் முளைத்த புங்கமரம்

ஒச்சம்மா லாட்டரிச் சீட்டு விற்றாள் என்று கோர்ட்டில் தீர்ப்புச் சொன்ன மறுநாள் காலையில், செங்கரட்டு விலக்கு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, அதுவரைக்கும் இரண்டு காலித் தார் டின்னும் நெருஞ்சிமுள்ளும் மட்டுமே கிடந்த இடத்தில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு புங்கமரம் நின்றுகொண்டிருந்தது. எட்டரை மணி பஸ்ஸை ஓட்டிவந்த டிரைவர் வழக்கமான இடத்தில் நிறுத்தாமல் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் நிழலில் நிறுத்தினார். கண்டக்டர் இறங்கி மரத்தில் சாய்ந்தபடி வெற்றிலை போட்டார். பூக்காரி பஞ்சவர்ணம் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து, வேருக்கும் வேருக்கும் நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்து, முந்தானையால் ஒருமுறை விசிறிப் பார்த்துவிட்டு, விசிற வேண்டியதில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். மத்தியானத்துக்குள் அறுபது பேர் அந்த நிழலில் இருந்தோம். ஒருத்தரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. எங்கள் ஊர் வெயில் அப்படி.

செங்கரட்டு விலக்கு என்பது ஊர்கூட இல்லை. மலையடிவாரக் கரட்டிலிருந்து ரோடு இரண்டாகப் பிரிகிற ஒரு முக்கு. மேற்கே போகிற ரோடு எல்லையைத் தாண்டிப் பக்கத்து மாநிலத்துக்குப் போகும். அங்கே லாட்டரி வியாபாரம், இங்கே லாட்டரி குற்றம். காசிமாயன் டீக்கடை, பஞ்சவர்ணத்தின் பூக்கூடை, என்னுடைய செல்போன் ரீசார்ஜ் கடை, கொஞ்சம் தள்ளி ஒச்சம்மாவின் தையல் மிஷின், இவ்வளவுதான் நாங்கள். ஒரு மரம் கிடையாது. சித்திரையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கரண்டுக் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக, ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்பார்கள்.

ஒச்சம்மா பை தைப்பவள். ஸ்கூல் பை, மார்க்கெட் பை, வெளிநாடு போய் வந்தவர்களின் பெரிய பெட்டி, எது கிழிந்தாலும் ஜிப்பு எது மாட்டிக்கொண்டாலும் அவளிடம்தான் வரும். தலைக்கு மேலே ஒரு தகரம், கீழே மிஷின், அதற்கு முன்னால் அவள். அவள் புருஷன் வீரணன் ஒரு காலத்தில் சைக்கிளில் மைக் கட்டி லாட்டரி விற்றவர். அப்போது அது குற்றமில்லை. அரசாங்கம் தடை போட்ட அன்றைக்கே மீதிச் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டு மூட்டை தூக்கப் போனார். மூட்டை தூக்கியே செத்தும் போனார். ஆனால் 'லாட்டரிக்காரர் வீடு' என்ற பேர் போகவில்லை, போலீஸ் ஸ்டேஷனில் இருந்த ஒரு பழைய பட்டியலிலிருந்தும் போகவில்லை.

ஒரு மாசி மாதத்து மத்தியானம் ஒரு மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கூட்டிப்போனார்கள். மிஷினில் ஊசி பாதித் தையலில் நின்றது. ஸ்டேஷனில் அவளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஏட்டு பொன்னுரங்கம் ஒரு பழைய கேஸ் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து நாலு பக்கம் எழுதினார். மாலை நாலு பத்துக்கு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள புங்கமரத்தடியில், நீல நிறத் துணிப்பையில் வைத்து லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தபோது பிடித்ததாக அதில் இருந்தது. அதைப் படித்துக் காட்டியபோதே ஒச்சம்மா கேட்டாள்:

"ஏட்டய்யா, அங்கன ஏது மரம்?"

"எழுதியாச்சு, போம்மா," என்றார் அவர்.

பதினெட்டு மாதம் வாய்தாவுக்கு அலைந்தாள். அவளுக்காக நின்ற வக்கீல் பாதி நாள் வரவில்லை. கடைசியில் மாஜிஸ்திரேட், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது, "அங்கன மரமே இல்லைங்கய்யா," என்று மட்டும் சொன்னாள். தீர்ப்பு இப்படி வந்தது: 'சம்பவ இடத்தில் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்த ஒரு பெருங்கிளையுடன் கூடிய புங்கமரம் இருந்தது என்றும், அதன் நிழலில் அமர்ந்து எதிரியான ஒச்சம்மா தடை செய்யப்பட்ட லாட்டரிச் சீட்டுகளை விற்றார் என்றும் இந்நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றி முடிவு செய்கிறது.' மூன்று மாதம் ஜெயில். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம், அதுவரை ஜாமீன்.

அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அந்த இடம் எப்போதும் போல மொட்டையாகத்தான் கிடந்தது. மறுநாள் காலையில் மரம் இருந்தது. கிழக்குப் பக்கம் ஒரு பெருங்கிளை சாய்ந்திருந்தது.

தகரத்தடியில் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்த ஒச்சம்மா நிமிர்ந்து அதைப் பார்த்தாள். பிறகு மிஷினை இன்னும் இரண்டு அடி இந்தப் பக்கமாக, வெயிலுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

*

மாவட்டத் தலைநகரில் இலவச சட்ட உதவி மையத்தில் ஜெயசீலி என்ற வக்கீல் கிடைத்தாள். முப்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டின் முழங்கையில் நூல் பிரிந்திருந்தது. ஒச்சம்மா தன் கதையைச் சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஊசியை எடுத்து அந்த நூலையும் சரிசெய்து கொடுத்தாள். ஜெயசீலி தீர்ப்பை இரண்டு தடவை படித்தாள்.

"அக்கா, அங்க மரம் இல்லேன்னு ஊர்ல நாலு பேர் வந்து சொன்னா போதும். இந்தக் கேஸ் நிக்காது."

"இப்ப இருக்கு வக்கீலம்மா."

"என்னது?"

"மரம். தீர்ப்புச் சொன்னதுக்கு மறுநாள்லருந்து இருக்கு."

ஜெயசீலி பேனாவை மூடி வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி திறந்தாள். "அப்போ கொஞ்சம் கஷ்டம்," என்றாள். இருபத்து நாலாம் நாள் மனுவைப் போட்டார்கள். அமர்வு நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொண்டு தண்டனையை நிறுத்தி வைத்தது. ஒச்சம்மா வெளியில் இருந்தாள். வழக்கு நடந்தது. மரமும் வளர்ந்துகொண்டிருந்தது.

நாங்கள் அந்த மரத்தை எப்படி எங்களுடையதாக ஆக்கிக்கொண்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் எல்லோரும் 'புதுசா வந்த மரம்' என்றோம். இரண்டாம் மாதம் 'கொஞ்ச நாளா இருக்கிற மரம்' என்றோம். அடுத்து யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள், யாரோ அதற்குக் கீழே மூன்று கல்லை நட்டுக் குங்குமம் வைத்தார்கள், ஒரு கட்சிக்காரர் பிறந்தநாள் பேனரைக் கட்டினார், அதை இன்னொரு கட்சிக்காரர் அவிழ்த்தார். ரோட்டு மரங்களைக் கணக்கெடுக்க வந்த ஒரு ஊழியர் அதன் இடுப்பில் வெள்ளையும் சிவப்பும் பூசி, இருநூற்றுப் பன்னிரண்டு என்று நம்பர் எழுதி, வயது நாற்பது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, பஞ்சவர்ணத்திடம் இரண்டு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு போனார். கண்டக்டர்கள் 'விலக்கு இறங்கு' என்பதை விட்டுவிட்டு 'புங்கமரம் இறங்கு' என்று கத்தி விசிலடித்தார்கள். கொக்கு வந்தது, காக்கை கூடு கட்டியது, சித்திரையில் பூ உதிர்ந்து தார் ரோட்டின் மேல் பொரி கொட்டியது மாதிரிக் கிடந்தது. அந்தப் பூவின் மேல் செருப்புக் கால் வைக்கக்கூடச் சிலர் யோசித்தார்கள்.

ஒரு வருஷத்துக்குள் காசிமாயன், கடைக்கு வருகிறவர்களிடம், தான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் கிழக்குக் கிளையில் கயிறு போட்டு ஊஞ்சல் ஆடியதைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் பொய் சொல்லவில்லை. சொல்லும்போது அவர் கண்ணில் அந்தக் கயிறு தெரிந்தது. நான் மட்டும் என்ன, என் முதல் சைக்கிளை அந்த மரத்தில்தான் சாய்த்து வைத்திருந்தேன் என்று ஒருத்தரிடம் சொன்னேன், சொல்லி முடித்த பிறகு அந்த சைக்கிளின் ஹேண்டில்பாரில் புங்கம்பூ விழுந்து கிடந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. அப்படித்தான் அது நடந்தது. ஒருத்தரும் திட்டம் போட்டு மறக்கவில்லை. நிழலில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தான் உட்கார்ந்திருக்கிற இடம் எப்போதும் நிழலாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றிவிடுகிறது.

ஒச்சம்மா ஒருத்திதான் அந்த நிழலுக்கு வரவில்லை. பஸ்ஸுக்குக்கூட ரோட்டின் இந்தப் பக்கம், வெயிலில் நின்றாள். பை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் "மிஷினை அங்கிட்டுப் போடலாம்ல?" என்றால், "இங்கன நல்லாத்தான் இருக்கு," என்பாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து துணியில் சொட்டும். அதன் மேலேயே தைப்பாள்.

*

மரம் தீர்ப்பில் வந்தது, தீர்ப்பை மாற்றினால் போய்விடும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வழக்கு இறுதி வாதத்துக்கு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் மரத்தடியில் கூடினோம். ஒச்சம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவள் வந்து, நிழல் முடிகிற கோட்டுக்கு வெளியே நின்றாள்.

காசிமாயன்தான் பேசினார். "தங்கச்சி, ஒன்னையக் குத்தம் சொல்ல யாரும் கூடல. நீ விக்கலேன்னு எங்களுக்குத் தெரியாதா? ஆனா இந்த மரம் இருக்கே. இதை நம்பி எத்தனை பேர் இருக்கோம் பாரு. மூணு மாசம்தான். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும். ஒன் வீடு, மிஷினு எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம். கேஸை வாபஸ் வாங்கிரு."

ஒச்சம்மா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"காசிமாயண்ணே, மூணு மாசம் சின்ன விசயம்தான்னா, ஒங்க வீட்டுல மதினியை அனுப்புங்க. கோர்ட்டுல நான் பேசிக்கிறேன். நிழலு எல்லாத்துக்கும் பொதுதான?"

டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது, காசிமாயன் அதற்குக்கூட எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பஞ்சவர்ணம் மட்டும் ஒச்சம்மாவிடம் போனாள். இரண்டு பேரும் இருபது வருஷமாக ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டவர்கள். பஞ்சவர்ணத்துக்குச் சர்க்கரை வியாதி. மரம் வருவதற்கு முந்தின கோடையில் மூன்று தடவை பூக்கூடையோடு சரிந்து விழுந்து, மூன்று தடவையும் ஒச்சம்மாதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனாள். மரம் வந்த பிறகு அவள் ஒரு தடவைகூட விழவில்லை.

"ஒனக்கு மூணு மாசம் ஒச்சம்மா. எனக்கு ஆயுசு," என்றாள் பஞ்சவர்ணம்.

அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று ஒச்சம்மா பிற்பாடு சொன்னாள். பதில் தேடித் தேடிப் பார்த்ததாகவும், கிடைக்கவில்லை என்றும், கிடைக்காமலேதான் காலையில் எழுந்து மிஷினுக்கு எண்ணெய் விட்டதாகவும் சொன்னாள்.

*

ஏட்டு பொன்னுரங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார். ரிட்டயர் ஆகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேட்டி சட்டையில் அவரை முதலில் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி மரத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுற்றி வந்தார். கிழக்குப் பக்கம் சாய்ந்த கிளைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். இடுப்பு உயரத்தில் இருந்த பொந்துக்குள் எட்டிப் பார்த்தார். பட்டையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சுட்டது மாதிரிக் கையை எடுத்தார். பிறகு ரோட்டைக் கடந்து ஒச்சம்மாவிடம் வந்து, கையிலிருந்த ரெக்சின் பையை நீட்டினார்.

ஒச்சம்மா ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. "இதுக்கு ஒண்ணும் இல்லையே."

"இல்ல தாயி." அவர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "நான் எழுதின மாதிரியே இருக்கு. கிளை, அந்தப் பொந்து, எல்லாம்."

"ஆமா."

"இருபத்தேழு வருஷம் எழுதியிருக்கேன் தாயி. எங்கெங்க என்னென்ன எந்திரிச்சு நிக்குதோ. தூக்கம் வர மாட்டேங்குது."

ஒச்சம்மா அவருக்காக மிஷினை நிறுத்தவில்லை. ஒரு ஸ்கூல் பையின் வாரைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுக் கேட்டாள்: "கோர்ட்டுல வந்து சொல்றீகளா?"

"பென்சன் பேப்பர் இன்னும் கைக்கு வரலம்மா. என்னால கூண்டுல ஏற முடியாது." அவர் ரோட்டைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த மரம் நான் யோசிச்சு எழுதினது இல்ல. புதுக்குளத்துமேடு ஸ்டேஷன்ல இருந்தப்ப ஒரு லாட்டரி கேஸ் எழுதினேன். அது நிஜக் கேஸு. அங்க நிஜமாவே புங்கமரம் உண்டு. ஒன் கேஸை அன்னைக்கே முடிக்கணும்னு மேல இருக்கவக சொன்னாக. அந்தக் கட்டைப் பார்த்து அப்படியே எழுதிட்டேன். பேரையும் தேதியையும்தான் மாத்தினேன். மரத்தை எடுக்க மறந்துட்டேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கச் சொல்லு."

"நம்பரு?"

அவர் சொன்னார். ஒச்சம்மா துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து, மிஷின் பலகையில் பெரிதாக எழுதிக்கொண்டாள். அவர் எழுந்திருக்கும்போது அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "வெயிலா இருக்கு, தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றாள். அவர் குடித்துவிட்டுப் போனார்.

*

புதுக்குளத்துமேடு கோர்ட்டில் நகல் வாங்க ஒச்சம்மா ஆறு தடவை போனாள். முதல் தடவை மனுவில் தப்பு என்றார்கள். இரண்டாம் தடவை கட்டைக் காணோம் என்றார்கள். மூன்றாம் தடவை கட்டு இருக்கிறது, எடுக்கிற ஆள் லீவு என்றார்கள். நாலாம் தடவை அவள் பதிவறை வாசலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, அங்கிருந்த குமாஸ்தாவின் பிய்ந்துபோன கைப்பையைக் கேட்டு வாங்கித் தைக்க ஆரம்பித்தாள். ஐந்தாம் தடவை கட்டு கிடைத்தது. ஆறாம் தடவை முத்திரை குத்திய நகல் அவள் கையில் இருந்தது.

அன்று அந்த ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். எதிரே ஒரு புங்கமரம். கிழக்கே சாய்ந்த பெருங்கிளை, இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து. கீழே இருந்த கம்பங்கூழ்க்காரரிடம், "இது எப்பருந்து இருக்கு?" என்று கேட்டாள். "எங்கய்யா காலத்துல ஊராட்சியில வச்சதும்மா," என்றார் அவர். ஒச்சம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நிழலில் உட்கார்ந்தாள். ஒரு சொம்பு கூழ் குடித்தாள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவது பஸ்ஸில் ஏறினாள். அவ்வளவு நேரம் நிழலில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜெயசீலி இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மேஜையில் தட்டினாள். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒன்று. நீல நிறத் துணிப்பை, நாலு பத்து மணி, 'எங்களைக் கண்டதும் ஓட முயன்ற' என்ற வரி, எழுத்துப் பிழைகூட அதே இடத்தில்.

"அக்கா, ஜெயிச்சுட்டோம்னே வச்சுக்கோங்க," என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒண்ணு யோசிச்சேன். மரத்தைப் பத்தி நாம வாயே திறக்க வேண்டாம். பை, மணி, வரிக்கு வரி காப்பி, இது போதும். சந்தேகத்தோட பலன்னு விடுதலை பண்ணிடுவாங்க. மரம் அது பாட்டுக்கு நிக்கட்டும். ஊரும் உங்களை ஒண்ணும் சொல்லாது."

ஒச்சம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஞ்சவர்ணம் மூன்று தடவை சரிந்து விழுந்தது அவளுக்குக் கண் முன்னால் வந்தது. ஆட்டோவில் அவள் தலை தன் மடியில் கிடந்தது, நெற்றியில் பூநார் ஒட்டியிருந்தது, எல்லாம் வந்தது. ஜெயசீலி பக்கம் மறுபடி திரும்பிச் சொன்னாள்:

"மரம் இருந்துச்சுன்னு எழுதின காகிதம் இருக்கற வரைக்கும் நான் அதுக்கு அடியில ஒக்காந்தவதான் வக்கீலம்மா. சந்தேகம்னு விட்டா, சந்தேகத்தோடதான் நான் தெருவுல நடக்கணும். அதையும் சேத்தே பேசுங்க."

*

அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி ஒரு அம்மா. மேஜையில் இரண்டு காகிதத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒரு ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, இரண்டு இடத்தில் புங்கமரம் இருப்பது அதிசயமா, இதோ செங்கரட்டு விலக்கு மரத்தின் போட்டோ, அரசாங்கக் கணக்கில் நம்பர் இருநூற்றுப் பன்னிரண்டு, வயது நாற்பது என்று நீட்டினார். ஜெயசீலி பதில் சொல்ல எழுந்தபோது, நீதிபதி கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு, பின் பெஞ்சில் இருந்த ஒச்சம்மாவை நேராகப் பார்த்தார்.

"இந்த மரம் இப்ப அங்க இருக்காம்மா?"

"இருக்குங்கம்மா."

"உங்களைப் பிடிச்சதா சொல்ற அன்னைக்கு இருந்துச்சா?"

"இல்லைங்கம்மா."

"அப்புறம் எப்ப வந்துச்சு?"

"என்னைக் குற்றவாளின்னு சொன்னதுக்கு மறுநாள் காலையில வந்துச்சுங்கம்மா."

அரசு வக்கீல் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. தட்டச்சரைப் பார்த்து, "சொன்னதை அப்படியே எடுத்துக்கோங்க," என்றார். தட்டச்சர் எடுத்துக்கொண்டார்.

தீர்ப்பு நாளில் ஒச்சம்மா ஆறு மணி பஸ்ஸுக்கு நின்றபோது, பஞ்சவர்ணம் கூடை இல்லாமல் வந்து பக்கத்தில் நின்றாள். முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தாள். "நான் மரத்துக்காக வேண்டிக்கிட்டு வாரேன். ஒனக்காக இல்ல," என்றாள். ஒச்சம்மா இரண்டு டிக்கெட் வாங்கினாள். மூன்று மணி நேரம் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். நடுவில் பஞ்சவர்ணம் தூங்கி, தலை ஒச்சம்மாவின் தோளில் சாய்ந்தது. ஒச்சம்மா தோளை அசைக்கவில்லை.

நீதிபதி வாசித்தார். வேறொரு வழக்கின் வாசகத்தைப் பெயர்த்து எழுதி இந்த வழக்கு உண்டாக்கப்பட்டிருக்கிறது, ஆகவே மேல்முறையீட்டாளர் குற்றமற்றவர். சந்தேகத்தின் பலன் என்ற சொல் அதில் இல்லை. அடுத்து ஒரு பத்தி இருந்தது: 'கீழமை நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள்வரை சம்பவ இடத்தில் மரம் ஏதும் இருக்கவில்லை என இந்நீதிமன்றம் முடிவு செய்கிறது. அதற்குப் பின் அங்கே உள்ளது எதுவாயினும் அது இவ்வழக்குக்கு அப்பாற்பட்டது.'

ஒச்சம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை அவ்வளவு சீக்கிரம் கீழே இறங்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். பஞ்சவர்ணம் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அழுதாள். யாருக்காக என்று சொல்லவில்லை.

*

மறுநாள் காலையில் நாங்கள் எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டோம். மரம் இல்லை. நிழல் இருந்த இடத்தில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. காக்கைகள் கூட்டைத் தேடிக் கரண்டுக் கம்பியின் மேல் கத்திக்கொண்டிருந்தன. மஞ்சள் துணி தரையில் கிடந்தது, மூன்று கல்லும் குங்குமத்தோடு அப்படியே இருந்தன. அந்தக் கல்லுக்கு நடுவில், என் நெஞ்சு உயரத்துக்கு, ஒரு புங்கங்கன்று நின்றது. விரல் பருமன் தண்டு, பளபளவென்று இலை. தீர்ப்புக்கும் தீர்ப்புக்கும் நடுவே போனது பதினாலு மாதம். பதினாலு மாதத்துக் கன்று எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருந்தது, அதற்கு மேல் ஒரு இலை கூடுதலாகவும் இல்லை.

காசிமாயன் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். மூன்று நாள் ஒச்சம்மாவுக்கு யாரும் டீ கொடுக்கவில்லை. யாரும் பை கொண்டுவரவில்லை. நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு வருஷமாகக் கால் வைக்காத அந்த இடத்துக்கு ரோட்டைக் கடந்து போய், கருவேல முள்ளை வெட்டிக் கன்றைச் சுற்றி வேலி கட்டினாள். அடிபம்பிலிருந்து காலை ஒரு குடம், மாலை ஒரு குடம் ஊற்றினாள். நாலாம் நாள் காலை குடத்தோடு போனபோது கன்றைச் சுற்றி மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தது. யார் என்று அவள் கேட்கவில்லை. தன் குடத்தையும் ஊற்றிவிட்டு வந்தாள். அன்று பத்து மணிக்கு காசிமாயன், கைப்பிடி அறுந்த காய்கறிப் பை ஒன்றைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கிளாஸ் டீயையும் வைத்துவிட்டு, கடைக்குத் திரும்பினார்.

பஞ்சவர்ணம் ஐந்தாம் நாள்தான் வந்தாள். பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் ரோட்டோரம் நின்றாள். ஒச்சம்மா அதற்குள் இரண்டு மூங்கிலை நட்டுத் தகரத்தை நீட்டி, ஒரு சாக்கை நனைத்து அதன் மேல் போட்டிருந்தாள். தன் மிஷினைத் தகரத்தின் ஓரத்துக்கு, பாதி வெயிலுக்குத் தள்ளியிருந்தாள். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது.

"வா. ஒக்காரு," என்றாள்.

பஞ்சவர்ணம் வந்து உட்கார்ந்தாள். கூடையை மடியோடு இழுத்துக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் முள்வேலிக்குள் நின்ற கன்றைப் பார்த்தாள்.

"அது நிழல் குடுக்க எத்தனை வருசமாகும்டி?"

ஒச்சம்மா ஊசியில் நூலைக் கோத்து, மிதியில் காலை வைத்தாள்.

"ஆகட்டும்," என்றாள்.